பூங்கொடி வலது பக்கம்தான் போட்டாள்

பலாச்சுளை உரித்துக்கொண்டிருந்தேன். இரண்டு கையிலும் நல்லெண்ணெய். பூங்கொடி உள்ளேயிருந்து வந்தாள். என் முன்னால் விரித்திருந்த செய்தித்தாளின் ஓரத்தில் கார் சாவியை வைத்தாள்.

“நான் இனிமே ஓட்டல” என்றாள்.

கை முழுக்கப் பிசின். எழுந்து அவள் தோளைத் தொடவும் முடியவில்லை. ஏதாவது சொல்லலாம் என்று வாயைத் திறப்பதற்குள் திரும்பிக்கொண்டாள். அவள் திரும்பிக்கொண்டால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். என் மனைவிக்குக் காது கேட்காது. என் உதடுகளைப் பார்த்தால்தான் நான் பேசுவது அவளுக்கு எட்டும்.

வாசலில் கார் நின்றது. வலப்பக்கக் கண்ணாடி இருந்த இடத்தில் உடைந்த பிளாஸ்டிக் முனை ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. பின் சீட்டில், மலைக் கிராமத்துப் பிள்ளைகளுக்கு அவள் தைத்த சீருடைக் கட்டுகள் இரண்டு நாளாக அப்படியே கிடந்தன. பள்ளிக்கூடம் திறக்க ஒரு வாரம்தான் இருந்தது.

போன இதழில், ‘அன்றைக்கு என் மனைவிதான் காரில் கொண்டுவந்து விட்டாள்’ என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அவளுக்குக் காது கேளாது என்பதை அதற்கும் முன்னால் எங்கோ எழுதியிருக்கிறேன். இரண்டையும் சேர்த்துப் படித்த சிலர், ‘அதெப்படி, பயமாக இல்லையா?’ என்று கேட்டிருக்கிறார்கள். அக்கறையோடுதான் கேட்டிருக்கிறார்கள். நானும் ஒரு முறை அதே அக்கறையோடு அவளுக்கு ஒரு பெரிய தப்புச் செய்தேன். அதை எழுதாமல் இந்தத் தொடரில் மேற்கொண்டு போவது சரியாக இருக்காது.

மீசை

அவள் ஊர் திருநாவலூர். அங்கே கோயில் பிராகாரத்தில்தான் பெண் பார்த்தோம். அவளுடைய அப்பா எதையும் மறைக்கவில்லை. “ஆறு வயசுல காய்ச்சல் வந்து காது போச்சிங்க. பேசுவா. நிதானமா கேட்டா புரியும்” என்றார்.

நான் பேசிய நேரமெல்லாம் அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. “இன்னாடா இந்தப் பொண்ணு, இப்டிப் பாத்துக்கினு இருக்குது” என்று என் காதில் கிசுகிசுத்தார். அம்மாவின் உதடும் அசைந்தது அல்லவா, அதையும் பூங்கொடி படித்துவிட்டாள். சிரித்தாள்.

அவள் என்னிடம் பேசிய முதல் வாக்கியம் இது: “மீசையக் கம்மி பண்ணுங்க. ஒண்ணும் தெரியல.”

அப்போது எனக்கு உதட்டை மூடும் மீசை. அந்த வாரமே கத்தரித்துவிட்டேன்.

வீட்டில் அவளைக் கூப்பிட வேண்டுமென்றால் அறை விளக்கை இரண்டு தடவை அணைத்துப் போடுவேன். எங்கள் மகள் குழந்தையாக இருந்தபோது, அம்மா என்று கூப்பிடக் கற்பதற்கு முன்னால் நாற்காலி போட்டு ஏறி சுவிட்சைத் தட்டக் கற்றுக்கொண்டாள்.

மைதானம்

கச்சிராயபாளையத்தில் பூங்கொடிக்கு ஒரு தையல் கடை. கூட இரண்டு பெண்கள். கல்வராயன் மலையில் இருக்கும் ஊர்களுக்குப் போய்ப் பிள்ளைகளை நிற்க வைத்து அளவெடுத்து, சீருடை தைத்து, திரும்பவும் கொண்டுபோய்ப் போட்டுப் பார்த்துக் கொடுத்துவிட்டு வருவாள். பேருந்தில் துணிக் கட்டைத் தூக்கிக்கொண்டு ஏறி இறங்கி, தோள்பட்டை வலி வந்ததுதான் மிச்சம்.

ஒரு நாள், “நான் காரு கத்துக்கறன்” என்றாள்.

கள்ளக்குறிச்சியில் ஓட்டுநர் பயிற்சி கொடுக்கிற ஒருவரிடம் அழைத்துப் போனேன். அவர் நல்ல மனிதர்தான். தயங்கித் தயங்கி, “ஆரன் சத்தம் கேக்கலன்னா எப்டிம்மா?” என்று கேட்டார்.

பூங்கொடி சொன்னாள்: “ஆரன் கேக்கிறவங்கல்லாம் வழி வுடுறாங்களா?”

அவள் சொன்னது அவருக்குப் புரியவில்லை. அவள் பேச்சு பழகாதவர்களுக்குப் புரியாது, சொற்களின் ஓரமெல்லாம் தேய்ந்திருக்கும். நான் எடுத்துச் சொன்னேன். அவர் சிரித்தார். ஆனாலும் சேர்த்துக்கொள்ளவில்லை.

பிறகு கோமுகி அணைக்குப் பக்கத்தில் இருக்கும் வெட்டவெளியில் நானே சொல்லிக்கொடுத்தேன். அவள் கண் ரோட்டில் இருக்க வேண்டும், என் வாயில் இருக்கக் கூடாது. அதனால் முழங்கையில் ஒரு தட்டு தட்டினால் பிரேக், இரண்டு தட்டினால் கியர். ஒரு மாதத்தில் தட்ட வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று.

காது கேளாதவர்களும் உரிமம் வாங்கலாம் என்பதே பல பேருக்குத் தெரியாது. அதற்காக நாங்கள் அலைந்த அலைச்சலை எழுதினால் இந்த இதழ் போதாது. வாங்கிவிட்டாள். பழைய நீல நிறக் கார் ஒன்றை வாங்கி, ஓட்டுகிறவருக்குக் காது கேட்காது என்று தெரிவிக்கும் வில்லையைப் பின் கண்ணாடியில் ஒட்டினோம்.

அவள் ஓட்டும்போது எங்களுக்குள் பேச்சு கிடையாது. அவள் கண் மூன்று கண்ணாடிகளிலும் மாறி மாறிப் போய்க்கொண்டே இருக்கும். நான் பக்கத்தில் உட்கார்ந்து மலையைப் பார்த்துக்கொண்டு வருவேன். இத்தனை வருடக் குடும்பத்தில் எங்களுக்குக் கிடைத்த நல்ல நேரங்களில் அதுவும் ஒன்று.

கல்யாண நாள் பரிசு

மழைக் காலத்தில் மலைப்பாதையில் பட்டப் பகலிலேயே மூட்டம் இறங்கிவிடும். முன்னால் போகிற வண்டி சாம்பல் நிறத்தில் கரைந்து போகும். எனக்கு ஒரு பயம் இருந்துகொண்டே இருந்தது. பின்னால் வருகிறவன் ஆரன் அடிப்பான், அவளுக்குக் கேட்காது. கேட்காது என்பது அவனுக்குத் தெரியாது. பின் கண்ணாடியில் ஒட்டிய வில்லையும் வெயிலில் வெளுத்துவிட்டது.

எங்கள் காரின் இண்டிகேட்டர் பல்புகளோ பழசு. மங்கிப்போன மஞ்சள் பிளாஸ்டிக்குக்குள் அகல் விளக்கு மாதிரி எரியும்.

நான் உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியன். பத்தாம் வகுப்புக்கு மின்சாரப் பாடம் எடுப்பவன். நாமே மாற்றினால் என்ன என்று தோன்றியது. எல்.இ.டி. பல்புகளை இணையத்தில் வரவழைத்து, கல்யாண நாள் அன்று காலை, அவளுக்குத் தெரியாமல் மாட்டினேன். பின்னால் இரண்டு, பக்கவாட்டில் இரண்டு. முன்பக்கத்துக்கு வாங்கிய ஜோடி மட்டும் ஹோல்டரில் சரியாக உட்காரவில்லை. அதனால் முன்பக்கத்தில் பழைய பல்பையே விட்டுவிட்டேன்.

போட்டுப் பார்த்தால் வேகமாக அடித்துக்கொண்டது. பட்டாம்பூச்சி சிறகடிக்கிற மாதிரி. பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். இண்டிகேட்டரை விட்டு விட்டு எரிய வைக்கிற பிளாஷர் என்ற சின்னப் பெட்டி ஒன்று உண்டு. எல்.இ.டி. எடுத்துக்கொள்கிற மின்சாரம் மிகக் கம்மி. அதைப் பார்த்துப் பழைய பிளாஷர், பல்பு ஒன்று போய்விட்டது என்று நினைத்துக்கொள்கிறது. ஓட்டுகிறவருக்குத் தெரிவிக்கத்தான் வேகமாக அடிக்கிறது.

எல்.இ.டி.க்கு என்றே செய்த புது பிளாஷரை வாங்கிப் போட்டேன். வேகம் சரியாகிவிட்டது. பழசு டிக் டிக்கென்று அடிக்கும், புதுசுக்குச் சத்தமே இல்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பூங்கொடியைக் கூப்பிட்டுக் காட்டினேன். பின்னால் போய் நின்று பார்த்தாள். உள்ளே உட்கார்ந்து இடது, வலது என்று போட்டுப் பார்த்தாள். கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அப்படியே இருந்தாள்.

“நல்லாருக்கு” என்றாள்.

கிளைப்பாதை

சில வாரம் கழித்து, பள்ளி விடுமுறையில் ஒரு நாள். அவள் தனியாகக் கட்டுகளோடு மலை ஏறினாள். வெள்ளிமலைக்குப் போகிற பாதையில் ஓரிடத்தில் வலது பக்கம் ஒரு மண் ரோடு பிரிந்து சின்ன ஊர் ஒன்றுக்கு ஏறுகிறது. அங்கே அவள் திரும்பும்போது, பின்னால் வந்த பேருந்து வலது பக்கமாக முந்திவந்து காரை உரசிவிட்டது.

செய்தி வந்ததும் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடினேன். தூறல். நல்லவேளை, உரசல்தான். கண்ணாடி போயிருந்தது, கதவு நசுங்கியிருந்தது. பூங்கொடி கார் பக்கத்தில் நின்று புடவையில் ஒட்டியிருந்த கண்ணாடித் துகள்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தாள். முழங்கையில் ஒரு கீறல்.

பேருந்தை ஓட்டியவருக்கு நாற்பது வயது இருக்கும். நசுங்கிய கதவைக் குனிந்து பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

“ரெண்டு பக்கமும் எரிஞ்சிது சார். டபுள் இண்டிகேட்டர் போட்டுக்கினு மெதுவா போறாங்க. நிக்கப்போறாங்கன்னு நெனச்சி நான் வலப்பக்கம் ஏறினன். திடீர்னு திரும்பிட்டாங்க. ஆரன் அடிச்சிக்கினுதான் சார் வந்தன்.”

பூங்கொடி அவர் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “வலதுதான் போட்டன்” என்றாள். சுற்றி நின்றவர்களுக்குப் புரியவில்லை. திரும்பவும் சொன்னாள். ஒரு ஆள், “காது கேக்காதவங்ககிட்ட வண்டியக் குடுத்தா இப்டித்தான்” என்றார்.

அப்போது நான் என்ன செய்திருக்க வேண்டும்? அவள் சொன்னதை எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும். பயிற்சிக்காரரிடம் எடுத்துச் சொன்னேனே, அந்த மாதிரி. அவளுக்காக நான் செய்ய வேண்டியிருந்த வேலை அது ஒன்றுதான்.

நான் கும்பிட்டேன். “மன்னிச்சிக்கங்க. தெரியாம டபுள் இண்டிகேட்டர் சுவிட்ச அழுத்திட்டாங்க. இனிமே பாத்துக்கறம்” என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் பார்த்தேன். அவள் என் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பன்னிரண்டு தடவை

வீட்டுக்கு வந்ததும் வாசலில் காரை நிறுத்திச் சோதித்தேன். வலது போட்டால் வலது எரிந்தது, இடது போட்டால் பின்னாலும் பக்கவாட்டிலும் இடது எரிந்தது. பன்னிரண்டு தடவை போட்டேன். ஒரு குறையும் இல்லை. சோதனை செய்து பார்த்துவிட்டேன், வண்டி சரி. அப்படியானால் தப்பு யாருடையது?

உள்ளே போய் அவள் எதிரில் உட்கார்ந்து, “பரவால்ல வுடு. யாருக்கும் நடக்கிறதுதான்” என்றேன்.

“நான் அழுத்தல.”

“சரி, சரி.”

“நான் அழுத்தல” என்றாள் மறுபடியும்.

“சரி பூங்கொடி. யார் இன்னா சொன்னாங்க இப்ப?”

திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று அவள் பிற்பாடு சொன்னாள். அந்த ‘சரி, சரி’யைத்தான் தாங்க முடியவில்லையாம்.

இரண்டு நாள் கழித்துக் காலையில்தான் சாவியைக் கொண்டுவந்து வைத்தாள்.

கையில் இருந்த பிசினைத் தேய்த்துக் கழுவ வெகு நேரம் ஆயிற்று. கழுவும்போதே ஒன்று புரிந்தது. அந்தக் கிளைப்பாதையில் நடந்ததைப் பேருந்து ஓட்டியவரிடம் கேட்டேன், காரிடம் பன்னிரண்டு தடவை கேட்டேன், அவளிடம் ஒரு தடவையும் கேட்கவில்லை.

தையல் அறைக்குப் போனேன். மிஷினில் குனிந்திருந்தாள். விளக்கை இரண்டு தடவை அணைத்துப் போட்டேன். நிமிரவில்லை. இன்னொரு முறை போட்டேன். கால் நின்றது. நிமிர்ந்தாள்.

“அன்னிக்கு நீ இன்னா பாத்த?” என்று கேட்டேன்.

என் முகத்தையே பார்த்தாள். நான் நிஜமாகத்தான் கேட்கிறேனா என்று பார்த்தாள் போலிருக்கிறது.

“பச்ச லைட்டு மங்கிப்போச்சி” என்றாள்.

எங்கள் காரில், ஓட்டுகிறவர் எதிரில், இண்டிகேட்டருக்கு ஒரே ஒரு பச்சை விளக்குதான் இருக்கும். இடது போட்டாலும் அதுதான் மினுக்கும், வலது போட்டாலும் அதுதான்.

“வலது போட்டாதான் மங்குது. இடது போட்டா நல்லா எரியுது. வூட்ல இருக்கும்போது மங்கல. மலை ஏறும்போது, அதுவும் எப்பவோ ஒருக்காதான். போன வாரமே சொன்னன். வெளிய வெளிச்சம் ஜாஸ்தி, அதான் அப்டித் தெரியுதுன்னு சொல்லிட்டீங்க.”

சொல்லியிருந்தேன். நன்றாக ஞாபகம் இருந்தது.

ஒரு விளக்கு காரணமில்லாமல் மங்காது. இதைத்தான் நான் வருடா வருடம் கரும்பலகையில் எழுதிப் போடுகிறேன்.

துருகம் ரோடு

கள்ளக்குறிச்சியில், தியாகதுருகம் போகிற ரோட்டில் ஏகாம்பரம் என்பவர் வண்டிகளுக்கு ஒயரிங் வேலை பார்க்கிறார். அன்றே போனோம். நான் ஓட்ட, அவள் பக்கத்தில் உட்கார்ந்து வந்தாள். வழியெல்லாம் கரும்பு நனைந்து நின்றது. அவள் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஏகாம்பரம் பின்பக்கம் எட்டிப் பார்த்ததுமே, “இன்னா சார், நீங்களே மாட்டினீங்களா?” என்றார்.

“ஆமாம்.”

“எங்க வெச்சி செக் பண்ணீங்க?”

“வூட்டு வாசல்ல.”

“வாசல்ல வண்டி ஆடுமா சார்?”

பூங்கொடியை ஓட்டுகிற இடத்தில் உட்காரச் சொன்னார். என்னைக் காருக்குப் பின்னால் நிற்கச் சொன்னார். வலது போட்டாள். வலது மட்டும் எரிந்து எரிந்து அணைந்தது. ஏகாம்பரம் முன்பக்கம் போய், பானெட்டின் மேல் இரண்டு கையையும் ஊன்றிக் காரை ஆட்டினார். ஒன்றும் ஆகவில்லை. பிறகு இடது முகப்பு விளக்குக்குப் பக்கத்தில் உள்ளங்கையால் ஓங்கி ஒரு தட்டு தட்டினார்.

பின்னால் இடது விளக்கும் எரிய ஆரம்பித்தது. வலதும் இடதும் சேர்ந்து, சீராக, நான் வாங்கிப் போட்ட அத்தனை பிரகாசத்தோடு.

அதே நேரம் உள்ளேயிருந்து பூங்கொடியின் குரல் வந்தது. “மங்கிடுச்சி. பாருங்க, மங்கிடுச்சி.”

நான் உள்ளே போய்ப் பார்க்கவில்லை. பின்னால் நின்று அந்த இரண்டு விளக்குகளையுமே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பேருந்து ஓட்டியவர் பார்த்ததும் இதைத்தான். அவர் பொய் சொல்லவில்லை. இவளும் பொய் சொல்லவில்லை.

ஏகாம்பரம் முன்பக்க இடது பல்பைக் கழற்றி ஹோல்டரைக் காட்டினார். உள்ளே பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. குலுங்கும்போது தொடர்பு விட்டுப் போய்விடும், அப்புறம் தானாகவே ஒட்டிக்கொள்ளும்.

விஷயம் இவ்வளவுதான். அந்தப் பச்சை விளக்கு இடது ஒயருக்கும் வலது ஒயருக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. வலது போடும்போது அதன் வழியாகக் கொஞ்சம் மின்சாரம் இடது பக்கம் போகும். அங்கே இருக்கும் பழைய முன் பல்பு, தான் எரியாமலே அதை வாங்கித் தரைக்கு அனுப்பிவிடும். அந்தப் பல்பு தொடர்பை விட்டுவிட்டால், அந்தக் கொஞ்ச மின்சாரம் நான் மாட்டிய எல்.இ.டி. வழியாகத்தான் போயாக வேண்டும். பழைய பல்பாக இருந்தால் அவ்வளவு கம்மி மின்சாரத்தில் எரியாது. எல்.இ.டி.க்கு அது போதும். நன்றாகவே எரியும். பச்சை விளக்குக்குப் பங்கு குறைந்து அது மங்கும்.

“பழைய பல்பும் பழைய பிளாஷரும் இருந்திருந்தா, முன்னாடி பல்பு போயிருக்குதுன்னு இடது போடும்போது படபடன்னு அடிச்சிக் காட்டிக் குடுத்திருக்கும் சார்” என்றார் ஏகாம்பரம். “ரெண்டையும் கழட்டிட்டீங்க.”

ஓட்டுகிற பக்கத்துச் சன்னலுக்குப் போய்க் குனிந்தேன். அவள் என் உதட்டைப் பார்த்தாள்.

“தப்பு என்னுது” என்றேன்.

“பஸ்காரர்கிட்ட சொல்லுங்க” என்றாள்.

முழங்கால்

ஏகாம்பரம் அந்த ஹோல்டரை மாற்றினார். பச்சை விளக்கின் ஒயரைப் பிரித்து, ஒரு பக்கத்து மின்சாரம் மறு பக்கம் போகாதபடி இரண்டு டயோடு வைத்தார். கண்ணாடியையும் மாட்டினார். “வேற இன்னாம்மா?” என்று அவளிடமே கேட்டார். அவர் தன்னைப் பார்த்துக் கேட்டது அவளுக்குப் பிடித்திருந்தது.

“பழைய பிளாஷர் வேணும்” என்றாள்.

நான் திகைத்தேன். “ஏன்? இது அமைதியா நல்லாத்தான இருக்குது?” சொல்லும்போதே என் மடத்தனம் எனக்கே கேட்டது. அமைதியாக இருப்பதால் அவளுக்கு என்ன?

அவள் தன் வலது முழங்காலைத் தொட்டுக் காட்டினாள். பிளாஷர் இருந்த இடம் ஸ்டியரிங்குக்குக் கீழே, வலது ஓரத்தில் ஒரு தகட்டுக்குப் பின்னால். அந்தத் தகட்டில் முழங்காலை ஒட்டி வைத்துக்கொண்டுதான் இத்தனை நாளும் ஓட்டியிருக்கிறாள். பிளாஷர் அடிக்கிற ஒவ்வொரு டிக்கும் முட்டியில் தட்டுமாம். அது தட்டுகிற வரைக்கும் இண்டிகேட்டர் ஓடுகிறது, நின்றால் அணைந்துவிட்டது என்று தெரிந்துகொள்வாளாம். பச்சை விளக்கைக் குனிந்து பார்க்கவே வேண்டியதில்லையாம்.

“நீங்க ஆசையா போட்டீங்க. அதான் சொல்லல” என்றாள்.

ஏகாம்பரத்துக்கு இதை எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. சொல்ல ஆரம்பித்தேன். பாதியிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. உள்ளே போய் மூன்று நான்கு பிளாஷர்களை எடுத்துவந்தார். எல்லாமே எல்.இ.டி.க்கு ஒத்துவருகிறவை, ஆனால் டிக்கென்று அடிப்பவை. ஒவ்வொன்றாக அவள் உள்ளங்கையில் வைத்து, ஒயரைத் தொட்டு மின்சாரம் கொடுத்தார். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். ஜவுளிக் கடையில் துணியைத் தடவிப் பார்க்கிற முகம். மூன்றாவதை மூடிப் பிடித்துக்கொண்டு, “இது” என்றாள்.

டீக்கடை

அந்தப் பேருந்து காலையில் மலை ஏறுவதற்கு முன்னால் கச்சிராயபாளையம் நிறுத்தத்தில் கொஞ்ச நேரம் நிற்கும். மறுநாள் காலை நாங்கள் இருவரும் போனோம். ஓட்டுநர் டீ குடித்துக்கொண்டிருந்தார். மலைக்குப் போகிறவர்கள் ஏழெட்டுப் பேர் மூட்டையோடு நின்றார்கள். அவர்களில் அன்றைக்குப் பேருந்தில் வந்தவர்களும் இருந்திருக்கலாம்.

அன்றைக்குச் சொன்னதைவிடச் சத்தமாகச் சொன்னேன். “அன்னிக்கு நான் மன்னிப்புக் கேட்டது தப்புங்க. இவங்க வலதுதான் போட்டாங்க. நான் மாட்டின பல்பால ரெண்டு பக்கமும் எரிஞ்சிருக்குது. தப்பு என் மேல. இவங்க மேல இல்ல.”

அவர் கிளாஸைக் கீழே வைத்தார். “அப்டியா சார்? எனக்கும் மனசு கேக்கல. அவங்க திரும்பத் திரும்ப இன்னாவோ சொன்னாங்க, எனக்குத்தான் புரியல” என்றார்.

விஷயம் முடிந்தது என்று நான் நினைத்தேன். பூங்கொடி ஒரு அடி முன்னால் வந்தாள். நிதானமாக, ஒவ்வொரு சொல்லாகப் பிரித்து அவரிடம் சொன்னாள்.

“ரெண்டு பக்கமும் எரிஞ்சா, எதுக்குன்னு தெரியாது. தெரியலன்னா, முந்தலாமா?”

நான் எடுத்துச் சொல்ல வாயெடுத்தேன். தேவைப்படவில்லை. அவருக்குப் புரிந்திருந்தது. தலையைக் கோதிக்கொண்டார்.

“அதும் வாஸ்தவம்தாம்மா” என்றார். “ரோடு பிரியற எடத்துல முந்தியிருக்கக் கூடாது.”

டீ சாப்பிடச் சொன்னார். சாப்பிட்டோம்.

ஏற்றம்

அங்கிருந்து அவள்தான் காரை எடுத்தாள். நான் பக்கத்தில். அணையைத் தாண்டி ஏற ஏறச் சில்லென்ற காற்றும் ஈர மண் வாசனையும். வளைவுகளில் அவள் முழங்கால் தகட்டை ஒட்டியே இருந்தது. அப்போதுதான் அதைக் கவனித்தேன், இத்தனை வருடத்தில்.

கிளைப்பாதை வருவதற்குக் கொஞ்சம் முன்னால் ஓரம் கட்டி, என்ஜினை அணைத்தாள். என் பக்கம் திரும்பினாள்.

“அன்னிக்கு நீங்க என்ன நம்பல, இல்ல?”

“நம்பல.”

“காது கேக்காததாலயா?”

இல்லை என்று சொல்ல எத்தனையோ வழி இருந்தது. பேருந்து ஓட்டியவர் சொன்னார், சோதித்துப் பார்த்தேன், மழை, பதற்றம். ஆனால் அவள் என் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஆமாம்” என்றேன்.

தலையை ஆட்டிக்கொண்டாள். கண்ணாடிக்கு வெளியே மூட்டத்தைப் பார்த்தாள்.

“எறங்குங்க. பின்னால போய் நின்னு பாருங்க” என்றாள்.

இறங்கிப் போய் நின்றேன். கார் கிளம்பி மெதுவாக நகர்ந்தது. வலது விளக்கு எரிந்தது. வலது மட்டும். மூட்டத்துக்குள் பழுக்கக் காய்ச்சிய இரும்பு மாதிரி அவ்வளவு தெளிவாக. அவள் புதுக் கண்ணாடியில் பார்ப்பதற்காக என் வலது கையைத் தூக்கிக் காட்டினேன்.

கார் திரும்பி மண் ரோட்டில் ஏறியது. நிற்கும் என்று நினைத்தேன். நிற்கவில்லை. சன்னல் வழியாக ஒரு கை வெளியே வந்து, ‘நடந்து வாங்க’ என்று சைகை காட்டிவிட்டு உள்ளே போயிற்று.

நடந்தேன். செங்குத்தான ஏற்றம். மழையில் மண் வழுக்கியது. எனக்கு மூட்டு வலி வேறு. இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டேன். தனியாகச் சிரித்துக்கொண்டேன் என்றுகூடச் சொல்லலாம்.

போய்ச் சேர்ந்தபோது பிள்ளைகள் அவளைச் சுற்றி நின்றார்கள். ஒரு சிறுமிக்குப் பாவாடையின் இடுப்பைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்துவந்து தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். குடித்து முடிக்கும்வரை காத்திருந்தாள்.

“கோவம் போச்சா?” என்று கேட்டேன்.

“நீங்க ஏறி வர்றதப் பாத்துக்கினே இருந்தன்” என்றாள். “பாதி வழியிலயே போயிடுச்சி.”